ஏசிஎல் ஆபரேஷன் முடிந்து 5 மாதம்: பொங்கல் கபடியில் இறங்கலாமா?

டெல்டா ரெய்டர்

வணக்கம். வயது 22, எடை 72 கிலோ. இடது முட்டியில் ஏசிஎல் ஜவ்வு முழுசாகக் கிழிந்து, ஜூன் முதல் வாரம் ஆபரேஷன். ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட். உள்பக்க மெனிஸ்கஸும் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருந்ததால் அதையும் தைத்திருக்கிறார்கள்.

இப்போதைய நிலை: வலி இல்லை, காலை முழுசாக நீட்ட வருகிறது, மடக்கவும் வருகிறது. 20 நிமிடம் நிற்காமல் ஓடினாலும் வீங்குவதில்லை. ஒற்றைக்காலில் முன்னோக்கித் தாண்டினால் வலது 165 செ.மீ., இடது 152 செ.மீ. தொடைச் சுற்றளவு இடதில் 2 செ.மீ. குறைவு. டிஸ்சார்ஜ் சீட்டில் "6 மாதத்துக்குப் பிறகு விளையாட்டு" என்று எழுதியிருக்கிறது.

பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் மேட் டோர்னமென்ட். அப்போது 7 மாதம் ஆகியிருக்கும். இறங்கலாமா? தொடை பலத்தை அளக்கும் பெரிய மெஷின் உள்ள சென்டர் பக்கத்தில் இல்லை, சாதாரண ஜிம்தான் உண்டு. அதை வைத்துக்கொண்டு எதைப் பார்த்து முடிவு பண்ணுவது?

பிசியோ மதுரை

தம்பி, பொங்கலை விட்டுவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், அளக்கும் வழியையும் சொல்கிறேன்.

கிராஃப்ட் என்பது உங்கள் தொடைப் பின்புறத்திலிருந்து எடுத்த தசைநார். எலும்புக்குள் வைத்த பிறகு அதிலுள்ள செல்கள் முதலில் செத்துப்போகும். பிறகு புது ரத்தக்குழாய்கள் ஏறி, நார்கள் மறுபடி அடுக்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஜவ்வாக மாறும். சுமார் 6 முதல் 12 வாரம் வரை அது ரொம்பப் பலவீனமாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் வலியும் குறையும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாற்றம் முழுசாக முடிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். வலி இல்லாதது கிராஃப்ட் தயார் என்பதற்கு அடையாளமே இல்லை.

2016ல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், திடீரென்று திரும்பி வெட்டி ஓடும் விளையாட்டுக்காரர்களை 2 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். திரும்ப இறங்குவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முட்டி அடிபடும் வாய்ப்பு 51 சதவீதம் குறைந்தது. 9 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டதில் கூடுதல் பலன் தெரியவில்லை. இன்னொரு கணக்கும் அதிலேயே இருக்கிறது: பலம், தாண்டல் தேர்வுகளில் தேறாமல் இறங்கியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுகாயம், தேறியவர்களில் 5.6 சதவீதம்தான். ஆக மாதம், அளவு இரண்டும் வேண்டும். உங்களுக்கு மார்ச் முதல் வாரம்தான் 9 மாதம். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும் 6 மாதம் அச்சடித்த வரி. உங்கள் தொடையை அளந்து எழுதினது இல்லை.

இப்போது உங்கள் தாண்டல் கணக்கு. 152-ஐ 165-ஆல் வகுத்தால் 92 சதவீதம். 90 தாண்டியதால் பாஸ் மாதிரி தெரியும். ஆனால் முன்னோக்கித் தாண்டும்போது உந்துவதில் பெரும் பங்கு கணுக்காலும் இடுப்பும். முட்டி சோம்பேறியாக இருந்தாலும் தூரம் வந்துவிடும். நேர் மேலே ஒற்றைக்காலில் குதித்துப் பாருங்கள், அதில் முட்டியின் பங்கு அதிகம், வித்தியாசம் வெளியே வரும். தொடைச் சுற்றளவு 2 செ.மீ. குறைவாக இருப்பதே முன்தொடை இன்னும் திரும்பவில்லை என்கிறது.

மெஷின் இல்லாமல் முன்தொடையை அளப்பது இப்படி. நெல் மூட்டை, பழைய இரும்பு எடை போடுகிற டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். 150 கிலோவாவது தாங்க வேண்டும். பெட்டி எடை பார்க்கும் 50 கிலோ தராசு உதவாது, நல்ல காலே அதைத் தாண்டிவிடும். உயரமான, கனமான மேசையில் கால் தரையில் படாமல் உட்காருங்கள். முட்டி 90 டிகிரி. கணுக்காலுக்குச் சற்று மேலே அகலமான பெல்ட், அதில் தராசின் கொக்கி, தராசின் மறுமுனை பின்னால் மேசைக்காலில் நீளாத கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். கயிறு தரைக்கு இணையாக, நேர் பின்னோக்கி இருக்கட்டும். சாய்ந்தால் எண் தப்பாகும். தொடையை மேசையோடு இன்னொரு பெல்ட்டால் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கத்தைத் தூக்கி ஏமாற்றுவோம்.

5 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, பாதி பலத்தில் 2 தடவை தள்ளிப் பாருங்கள். பிறகு முழுப் பலத்தில் 5 விநாடி, வெடுக்கென்று உதைக்காமல் படிப்படியாக ஏற்றித் தள்ளுவது. ஒவ்வொரு காலுக்கும் 3 தடவை, நடுவில் 1 நிமிடம் ஓய்வு. அதிகபட்ச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தராசு எண்ணைப் பிடித்து வைக்காவிட்டால் போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். 90 டிகிரியில் அசையாமல் தள்ளுவது ஏசிஎல்லுக்கு இழுப்பு குறைவான நிலை, 5 மாதத்தில் செய்யலாம். முட்டிச் சில்லுக்குப் பின்னால் குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். 5 மாதமாக நல்ல காலும் இளைத்திருக்கும், இளைத்த காலோடு ஒப்பிட்டால் மோசமான கால்கூட 90 காட்டும். அதனால் எடையை வைத்தும் பாருங்கள்: தராசு காட்டும் கிலோவை 9.8-ஆல் பெருக்கி, முட்டி மூட்டின் இடுக்கிலிருந்து பெல்ட் வரையுள்ள தூரத்தை மீட்டரில் பெருக்கி, உடல் எடையால் வகுத்தால் ஒரு எண் வரும். விளையாடுகிற ஆண்களுக்கு அது 3-க்கு அருகில் இருக்க வேண்டும்.

கூடவே ஒரு எளிய தேர்வு: உட்கார்ந்தால் முட்டி 90 டிகிரி வருகிற நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. 22 தடவை வர வேண்டும். முட்டி உள்ளே சாய ஆரம்பித்த இடத்தில் எண்ணிக்கையை நிறுத்துங்கள்.

டெல்டா ரெய்டர்

நன்றி அக்கா. ஊர் அரிசி மில்லில் 200 கிலோ தராசு கிடைத்தது. பெல்ட் தூரம் 36 செ.மீ. வலது 68 கிலோ, இடது 52. நாற்காலி எழுதல் வலது 24, இடது 13, அதுக்கு மேல் முட்டி உள்ளே போகிறது. ஓட்டத்தில் எதுவும் தெரியவில்லையே, இவ்வளவு வித்தியாசமா?

பிசியோ மதுரை

52-ஐ 68-ஆல் வகுத்தால் 76 சதவீதம். எடைக் கணக்கில் வலது 3.3, இடது 2.5. நேராக ஓட 76 போதும். 70 தாண்டினாலே ஓடத் தொடங்கச் சொல்வோம். ரெய்டில் வேகமாகப் போய் நின்று திரும்புவதற்குத்தான் பற்றாது. நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன்தொடையுடையது. அது பலவீனமாக இருந்தால் உடம்பு முட்டியை மடக்காமல் விறைப்பாக ஊன்றும். விறைத்த முட்டி உள்ளே சாய்வதுதான் ஏசிஎல் அறுகிற நிலை.

பயிற்சியை இரும்புக்கூடம் அண்ணன் சொல்லட்டும், அவர் எழுதினால் நான் கைவைக்கத் தேவையிருக்காது.

இரும்புக்கூடம்

தம்பி, ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் (உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்குவது) இருக்கா? "ஏசிஎல்காரன் அதில் உட்காரவே கூடாது" என்று எந்த ஜிம்மிலும் ஒருத்தர் சொல்வார். முதல் சில வாரங்களுக்கு அதில் நியாயம் உண்டு, கடைசி 45 டிகிரி நீட்டும்போது கிராஃப்ட் இழுபடும். அதனால் ஆரம்பத்தில் 90 முதல் 45 வரை மட்டும் என்று கட்டுப்படுத்துவார்கள், ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் என்றால் 12 வாரம் வரை எடையே ஏற்றாமல். நீங்க 5 மாதம். முழு வீச்சில் எடையோடு செய்யலாம், செய்யாமல் முன்தொடை திரும்பாது. ஸ்குவாட் மட்டும் போட்டால் இடுப்பும் நல்ல காலும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், இளைத்த தசை இளைத்தபடியே இருக்கும்.

வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

லெக் எக்ஸ்டென்ஷன், ஒவ்வொரு காலாகத் தனியே. இடது 4 செட், வலது 2 செட், 8 முதல் 10 தடவை. 10 முடியும்போது இன்னும் 2 மட்டும் வரும் என்கிற எடையாக இருக்கணும். 20 தடவை சுலபமாக வருகிற எடையில் 6 மாதம் ஆட்டினாலும் பலம் ஏறாது, நிறைய பேர் தேங்குவது இங்கேதான். ஏற்ற 1 விநாடி, இறக்க 3 விநாடி, செட்டுக்கு நடுவே 2 நிமிடம். இரண்டு நாள் பயிற்சியில் 10-க்கு மேல் வந்தால் 2.5 கிலோ ஏற்றுங்க. மெஷினின் சுழலும் அச்சு முட்டிக்கு நேராக இருக்கணும், சீட்டின் முதுகைத் தள்ளி வைத்து அதைச் சரி பண்ணிக்கோங்க. முட்டிச் சில்லு உரசினால் எடையைக் குறைக்காமல் வீச்சை 90–45 ஆக்கி இரண்டு வாரம் ஓட்டுங்க.

அடுத்தது பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட் (பின்காலை பெஞ்சில் வைத்து முன்காலில் இறங்கி ஏறுவது) 3 செட், 8 தடவை, முதலில் இடது. உடம்பை நேராக வைத்து முட்டியை விரலுக்கு மேலே முன்னால் போக விடுங்க. பயந்து பின்னால் உட்கார்ந்தால் பலன் பின்புறத்துக்குத்தான். இதை முதல் 2 வாரம் கண்ணாடி முன்னால் செய்யுங்க.

பின்தொடைக்குக் குப்புறப் படுத்து லெக் கர்ல் 3 செட், 8 தடவை, குதிகால் பின்பக்கத்தைத் தொடும் அளவுக்கு மடக்கணும். கிராஃப்ட் எடுத்த தசைநார் அந்த ஆழத்தில்தான் வேலை செய்கிறது, பலம் போவதும் அங்கேதான். பாதி மடக்கி அளந்தால் இரண்டு காலும் சமம் என்று பொய் சொல்லும். ரொமேனியன் டெட்லிஃப்ட் (முட்டியை லேசாக மடக்கி, இடுப்பில் குனிந்து எடை தூக்குவது) 3 செட், 8. நோர்டிக் (முட்டிபோட்டு, கணுக்காலை ஒருத்தர் பிடிக்க, மெதுவாக முன்னால் சாய்வது) இப்போது வாரம் ஒரு நாள், 3 செட், 4 தடவை போதும், பிடிப்பு வராமல் இருந்தால் அடுத்த மாதம் கூட்டலாம். ஆடுசதைக்கு நின்றும் உட்கார்ந்தும் 3 செட், 12. உட்கார்ந்து செய்வதை விட்டுவிடாதீங்க, ஆழ்ந்த ஆடுசதை ஏசிஎல்லுக்குத் துணை நிற்கிற தசை.

மெஷின் இல்லை என்றால்: முட்டிக்குப் பின்னால் அகலமான பெல்ட் போட்டு அதைத் தூணில் கட்டி, பின்னால் சாய்ந்து ஸ்குவாட் நிலையில் 40 விநாடி நிற்பது, 5 முறை, கையில் எடைத்தட்டோடு. சைக்கிள் டியூப் வேண்டாம், நீண்டுகொண்டே போய் எடையே ஏறாது.

ஜிம் நாளில் கடும் ஓட்டம் வைக்காதீங்க. 4 வாரத்துக்கு ஒரு தடவை தராசு.

பிசியோ மதுரை

மெனிஸ்கஸ் தைத்திருப்பதால் ஒரு திருத்தம். எடையோடு 90 டிகிரிக்கு மேல் ஆழமாக ஸ்குவாட் போவதற்குத் தைத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிழிசல் எந்தப் பகுதியில், எத்தனை தையல் என்பதைப் பொறுத்தது அது. எடை இல்லாமல் மடக்குவதில் பிரச்சினை இல்லை.

வலி கணக்கு: செய்யும்போது 10-க்கு 3 வரை பரவாயில்லை, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். நீர் கோத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். காலை நீட்டி, முட்டியின் உள்பக்கத்தில் உள்ளங்கையால் கீழிருந்து மேலாக 3 தடவை வழித்து, பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடவை வழியுங்கள். உள்பக்கப் பள்ளம் புடைத்தால் நீர் இருக்கிறது. அன்றைக்கு ஓட்டமும் தாண்டலும் கிடையாது. பலப் பயிற்சியை எடை குறைத்துச் செய்யலாம்.

மண்தரை கோச்

ஜிம் கணக்கு சரியாப் போச்சு. இனி தரைக்கு வாங்க. 90 வந்துட்டா நேரா மேட்ல இறங்கிடலாம்னு நினைச்சா அங்கதான் தப்பு. நம்ம ஆட்டத்துல முட்டி போற இடம் மூணு: போனஸ் லைனைத் தாண்டி போனஸ் போட்டுட்டுத் திரும்பும்போது, கால் பிடியில மாட்டி உடம்பைத் திருப்பும்போது, பக்கவாட்டு டாஷ்ல (ஓடி வந்து இடிச்சு வெளியே தள்றது). மூணுக்கும் தனித்தனியாப் பழக்கணும்.

முதல்ல திரும்புறது. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், போனஸ் லைன் 4.75. இந்த ஒரு மீட்டர் வித்தியாசம்தான் வேகத்தை முழுசா நிறுத்த வைக்குது. பாதி வேகத்துல பாக் லைன் வரைக்கும் போய் 5 காலடியில நில்லுங்க, நடந்து திரும்புங்க. 10 தடவை, வாரம் 2 நாள். அடுத்த வாரம் 3 காலடியில நிக்கணும். அதுக்கப்புறம் 45 டிகிரி வெட்டு, 90, கடைசியில 180 திரும்பல். ஒரு படிக்கு ரெண்டு வாரம் குடுங்க, நீர் கோத்தா ஒரு படி கீழ. போனில எடுத்துப் பாருங்க: இடது காலை ஊன்றும்போது முட்டி மடங்குதா, கம்பு மாதிரி நிக்குதா? சத்தத்துலயே தெரியும், "தப்"னு கேட்டா விறைப்பா ஊன்றுறீங்க.

டோ டச் (கால் விரலை நீட்டி எதிராளியைத் தொடுறது) வலது கால்ல போடுவீங்கன்னா முழு எடையும் இடது முட்டி மேல. அதனால டோ டச்சை 180 திரும்பலுக்கு அப்புறம் வைங்க. முதல்ல ஆள் இல்லாம ஒரு கூம்பைத் தொட்டுட்டு வாங்க.

இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்ச திசை. அடுத்து கோச்சோ நண்பனோ கையைக் காட்டுன பக்கம் போறது. மூளை யோசிக்கிற நேரத்துல கால் எப்படி ஊன்றுதுன்னு அப்பதான் தெரியும்.

பிடி பழக்கம் 8 மாசத்துக்கு முன்னாடி வேண்டாம். ஆரம்பிக்கும்போது நின்ன நிலையில வலது காலை ஒருத்தர் பிடிக்கட்டும், பாதி பலத்துல. அப்புறம் இடது. கணுக்கால் பிடியில மாட்டினா செய்ய வேண்டியது ஒண்ணுதான்: பிடிபட்ட காலைத் தளர விட்டு, நடுக்கோட்டுப் பக்கம் மார்பால விழுந்து கையை நீட்டுறது. காலை ஊன்றி இடுப்பை மட்டும் முறுக்கித் தப்பிக்கிற பழக்கம் இருந்தா இப்பவே விடுங்க, முதல் தடவையே அதுலதான் போயிருக்கும் நிறைய பேருக்கு. தொடைப் பிடி அதுக்கு அடுத்து, செயின் (ரெண்டு பேர் கை கோத்து மறிக்கிறது) அதுக்கு அடுத்து, டாஷ் கடைசி. டாஷ்ல ரெண்டு காலும் தரையில ஊனியிருக்கக் கூடாது, இடி வர்றது தெரிஞ்சா வெளிக்காலைத் தூக்கிடுங்க.

பிடி பழக்கத்தை மேட்ல ஆரம்பிக்காதீங்க. நல்லாக் கொத்தி விட்ட மண்தரையில பாதம் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல் முட்டியைக் காப்பாத்தும். மேட்ல புது ஷூ போட்டா பாதம் அப்படியே ஒட்டிக்கும், திரும்புற முறுக்கு எல்லாம் முட்டிக்கு வரும்.

பாட்டையும் விட்டுடாதீங்க. வாயை மூடிக்கிட்டுப் பழகிட்டு மேட்ச்ல 30 விநாடி "கபடி கபடி"ன்னு மூச்சைப் பிடிச்சா எட்டாவது ரெய்டுல கால் கழண்டுடும்.

டெல்டா ரெய்டர்

சரி, பொங்கலுக்கு ஸ்கோர் போர்டுதான் பார்ப்பேன். இன்னும் மூணு சந்தேகம். பிரேஸ் போட்டால் முன்னாடியே இறங்கலாம் என்கிறார்கள். டீமில் ஒருத்தர் முட்டியில் ஊசி போட்டு விளையாடுகிறார். வீட்டில் இந்தியன் டாய்லெட், சம்மணம் போட்டுச் சாப்பிடுவதும் உண்டு, அது இப்போது சரியா?

பிசியோ மதுரை

பிரேஸ் மறுகாயத்தைத் தடுக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. மெத்தென்ற முட்டி உறை தைரியத்துக்குப் போடலாம், அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். இரும்புப் பட்டை வைத்தது மேட்டில் பிடிக்கிறவன் கையைக் கிழிக்கும், நடுவர் விடவும் மாட்டார்.

ஊசி கண்டிப்பாக வேண்டாம். வலியும் வீக்கமும்தான் உங்களிடம் இருக்கும் ஒரே எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டு ஆடினால் மெனிஸ்கஸ் தையல் பிரிவதுகூடத் தெரியாது. திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டால் குருத்தெலும்புக்கும் கேடு.

டாய்லெட்: முழுசாகக் குந்தும்போது மெனிஸ்கஸின் பின்பகுதி நசுங்கும். 6 மாதம் வரை மேலே வைக்கும் நாற்காலி வகை ஸ்டூல் பயன்படுத்துங்கள். அதன் பிறகு டாக்டர் சரி என்றால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்திப் பழகுங்கள், முதல் வாரம் 10 விநாடி. சம்மணத்தில் எடை இல்லை, முறுக்கு உண்டு. உள்பக்கத்தில் இழுத்தால் நாற்காலியில் சாப்பிடுங்கள்.

முட்டி பூட்டிக்கொண்டால், நழுவினால், மடக்கும்போது "டக்" என்று சிக்கி நீட்ட வராமல் போனால் உடனே டாக்டரிடம் போங்கள். நீட்டும் கோணம் திடீரென்று குறைந்தாலும் அப்படியே, கிராஃப்ட் முன்னால் சதை வளர்ந்து நீட்ட விடாமல் தடுக்கலாம். ஆயில் கட்டு, உருவி விடுவது எதையும் இதற்கு முயற்சி செய்யாதீர்கள்.

மார்ச்சில் இறங்கும் முன் இவை சேர்ந்தே இருக்க வேண்டும்: தராசில் 90 சதவீதம், எடைக் கணக்கில் 3-க்கு அருகில், முன் தாண்டல், மூன்று தாண்டல் (தொடர்ந்து மூன்று தடவை), குறுக்குத் தாண்டல் (கோட்டின் இருபுறமும் மாறி மாறி) மூன்றிலும் 90, நேர் மேல் குதியிலும் 90. தாண்டல் தேர்வை உடம்பு புதுசாக இருக்கும்போது ஒரு தடவை, பயிற்சி முடிந்து களைத்த பிறகு ஒரு தடவை எடுங்கள். களைத்த பிறகு 80-க்கு விழுந்தால் தயார் இல்லை.

மனசும் ஒரு அளவுதான். மோதலை நினைத்தால் கால் தயங்குகிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். தயங்குகிறவர்கள் தப்பாக ஊன்றுவார்கள். 25 வயதுக்குள் திரும்ப இறங்குகிறவர்களில் நாலில் ஒருவருக்கு மறுபடி ஏசிஎல் கிழிகிறது, அது அடுத்த காலிலும் நடக்கும். அதனால் வலது காலின் 2 செட்டை விட்டுவிடாதீர்கள்.

மண்தரை கோச்

முதல் மேட்ச்ல முழு 40 நிமிஷம் கேக்காதீங்க. மாற்று ஆட்டக்காரராப் போய் ரெண்டாம் பாதியில 4 ரெய்டு, அடுத்த மேட்ச்ல 8. செய் அல்லது செத்து மடி ரெய்டு (புள்ளி எடுக்காட்டி அவுட் ஆகுற ரெய்டு) உங்க கையில வர்ற மாதிரி கேப்டன் போட்டா அன்னைக்கு மறுத்துடுங்க. டிஃபென்ஸ்ல செயினுக்குள்ள நிக்கிறதை ஏப்ரலுக்குத் தள்ளுங்க.

டெல்டா ரெய்டர்

தராசு அடுத்த எண் டிசம்பர் முதல் வாரம் இங்கேயே போடுகிறேன்.